பதினான்காம் பாடத்தில் அணில்

இறையியல் கல்லூரியின் விடுதி வாசலில் டீச்சர் பெட்டியோடு வந்து இறங்கியபோது, அங்கே நின்ற பெண்கள் அவளை யாரோ ஒரு மாணவியின் அம்மா என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டார்கள். "யாரைப் பாக்கணும் ஆன்ட்டி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"என்னைத்தான்" என்றாள் டீச்சர். "இருபத்தேழாம் நம்பர் ரூம் எந்தப் பக்கம்?"

அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கூடப் படிக்க வந்தவர்களுக்கெல்லாம் இருபத்து மூன்று, இருபத்து நான்கு. கிறிஸ்தவக் கல்வியில் முதுகலை, இரண்டு வருடப் படிப்பு. முதல் வாரத்திலேயே வகுப்பு முழுக்க அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பாடம் நடத்துகிற பேராசிரியர்கள்கூட வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். பதினெட்டு வருடம் இரண்டாம் வகுப்புக்கே பாடம் எடுத்தவள் எங்கே போய் உட்கார்ந்தாலும் டீச்சராகத்தான் தெரிவாள். கிரேக்க எழுத்துகளை அவள் மனப்பாடம் செய்த விதமும் அப்படித்தான். சிலேட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லி, தப்பாக எழுதினால் தன் தலையில் தானே குட்டிக்கொள்வாள். அறைத் தோழி போர்வைக்குள் சிரித்துச் சிரித்து அரைத் தூக்கத்தைத் தொலைத்தாள்.

இத்தனை வயதுக்கு மேல் படிக்க வந்ததற்கு ஒரு கோபம்தான் காரணம். இருபது வருடங்களுக்கு மேல் தன் சபையில் ஞாயிறு பள்ளி நடத்தியவள் டீச்சர். அதற்கென்று அச்சாகி வருகிற பாடநூல்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியாத வார்த்தை பக்கத்துக்குப் பத்து இருக்கும். வருடா வருடம் வெளியீட்டுக் குழுவுக்குக் குறைகளைப் பட்டியல் போட்டு எழுதுவாள். ஒரு வருடம் சலித்துப்போன யாரோ ஒருவர், 'நீங்களே எழுதிப் பார்க்கலாமே' என்று பதில் போட்டார். அவர் குத்தலாகத்தான் சொன்னார். டீச்சர் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூட வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போனபோது தம்பிக்குப் பன்னிரண்டு வயது. அவனை ஆளாக்கி, பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலையில் சேர்த்து, பெண் பார்த்துக் கட்டிவைத்து முடிப்பதற்குள் தன்னுடைய வயது தாண்டிப் போயிருந்தது. அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. தம்பி மனைவி நல்லவள், மருந்துக் கடையில் மாத்திரைக் கவர்களின் மேல் 'காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின்' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுக்கிறவள். நாத்தனாரை அண்ணி அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அவர்களுக்கு ஒரே பெண். முன்பல் இரண்டும் எடுப்பாக, ஒரு இடத்தில் நிற்காமல் அலமாரி மேலும் ஜன்னல் மேலும் ஏறுகிற பெண். மூன்று வயதிலேயே அணில் என்று பெயர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கேயும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை.

டீச்சர் கல்லூரியில் சேர்ந்த மூன்றாவது மாதம் அணிலுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. பிறகு விடாமல் வந்தது. ரத்தத்தில் கோளாறு என்றார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். டீச்சர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து நின்றாள்.

"படிப்பு கிடக்கட்டும். நான் இவளைப் பாத்துக்கறேன்."

"வேணாம் அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "நீங்க போய்ப் படிங்க. நீங்க படிப்பை விட்டுட்டு வந்து உக்காந்தா அவளுக்குப் புரிஞ்சிடும். எல்லாம் வழக்கம்போல நடந்தாத்தான் அவளுக்குத் தைரியம்."

அதில் நியாயம் இருந்தது. டீச்சர் திரும்பிப் போனாள். சனிக்கிழமைகளில் வந்து போனாள்.

அந்த வருடம்தான் கல்லூரி புதிய பாடநூல் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு. முதுகலை மாணவர்கள் ஆளுக்குச் சில பாடங்கள் எழுத வேண்டும், அதுவே ஆய்வேட்டில் ஒரு பகுதி. டீச்சருக்கு ஆறு பாடங்கள் விழுந்தன. அவற்றில் பதினான்காம் பாடம், பிறருக்காக ஜெபிப்பது. பழைய புத்தகங்களில் அந்தப் பாடத்துக்கு 'நோயாளிகளையும் துன்பப்படுவோரையும் நினைவுகூர்வோம்' என்று ஒரு வரி இருக்கும். எந்தப் பிள்ளைக்கு அதில் மனசு ஒட்டும்? நிஜமான ஒரு பிள்ளை வேண்டும், பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று டீச்சர் நினைத்தாள். 'ஆண்டவரே, எங்கள் தோழி அணில் உடம்பு சரியில்லாமல் இருக்கிறாள். அவளைச் சீக்கிரம் எழுந்து விளையாட வையும்' என்று எழுதினாள்.

கல்வித்துறைப் பேராசிரியர் தலைமையில் குழு கூடியது. எதை எடுத்தாலும் "இதன் நோக்கம் என்ன?" என்று கேட்பதால் மாணவர்கள் அவருக்கு நோக்கம் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். குழுவில் ஒரு போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பிராணிகளுக்காக ஜெபிக்கிறதைத் தப்புன்னு சொல்ல வரல. ஆனா அணிலுக்கு என்ன காய்ச்சல்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், டீச்சரும் சிரித்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். சிரிப்பு நின்றது. பாடம் அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பாடத்தின் கடைசியில் 'செய்து பார்' என்ற பகுதியில், அணிலுக்கு ஒரு அட்டை தயாரித்து அனுப்புங்கள் என்று தம்பி வீட்டு முகவரியும் சேர்ந்தது.

அணிலிடம் சொன்னபோது அவள் படுக்கையில் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கா? எனக்கு லெட்டர் வருமா? எத்தனை சபைக்கு அத்தை இந்த புக்கு போகும்?"

"நூத்தி எண்பது."

"நூத்தி எண்பது லெட்டரா!" தலையில் முடி இல்லை, கையில் ஊசி குத்தின இடமெல்லாம் நீலம், ஆனால் முன்பல் இரண்டும் பழைய அணிலுடையதுதான். "எல்லாத்துக்கும் பதில் போடுவேன். ஒண்ணு விடாம போடுவேன். ஊதா இங்க்ல."

அன்றைக்கே அவளுடைய அம்மா கடையிலிருந்து ஊதாப் பேனா ஒன்று வாங்கி வந்தாள்.

பாடநூல் எழுதுகிறவர்கள் எல்லோரும் காலத்துக்கு ஒரு வருடம் முன்னால் நின்று எழுதுகிறவர்கள். எழுதி, குழு பார்த்து, திருத்தி, அச்சுக்குப் போய், கட்டு கட்டி, சபை சபையாகப் போய்ச் சேர்வதற்குள் பத்து மாதம் ஓடிவிடும். எழுதும்போது இருந்த உலகம் வாசிக்கும்போதும் அப்படியே இருக்கும் என்று நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது. வரைபடத்தில் ஆறு இடம் மாறாது, உவமையில் விதைக்கிறவன் மாறமாட்டான். படுத்திருக்கிற பிள்ளையை அந்தக் கணக்கில் சேர்த்தது டீச்சர் செய்த தப்பு. இத்தனை வருட அனுபவத்தில் அது அவளுக்கு உறைக்கவே இல்லை என்பதை நினைத்தால் எனக்கே அவள்மேல் கோபம் வருகிறது. ஆனால் உண்மை என்னவென்றால், அணில் எழுந்து வராமல் போகலாம் என்ற எண்ணத்துக்கு அவள் தன் மனதில் இடமே கொடுக்கவில்லை. புத்தகம் வருவதற்குள் அவள் குணமாகிவிடுவாள், பிள்ளைகள் நன்றி சொல்வார்கள் என்றுதான் கணக்குப் போட்டாள்.

புத்தகக் கட்டுகள் கல்லூரியிலிருந்து கிளம்பின வாரம், ஒரு வியாழக்கிழமை, அணில் இறந்துபோனாள். புதன்கிழமை போனில், "அத்தை எப்ப வருவீங்க?" என்று கேட்டாள். "சனிக்கிழமை வந்துடறேன் கண்ணு" என்று டீச்சர் சொன்னாள். அந்தச் சனிக்கிழமையை அதற்குப் பிறகு அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அடக்கம் முடிந்து கல்லூரிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக வெளியீட்டு அலுவலகத்துக்குப் போனாள். எல்லாச் சபைகளுக்கும் ஒரு திருத்தக் கடிதம் போனது. 'பதினான்காம் பாடத்தில் அணில் என்று வருமிடத்தில் உங்கள் சபையில் நோயுற்ற ஒருவரின் பெயரைச் சேர்த்துக்கொள்ளவும். அட்டை அனுப்ப வேண்டாம்.' அவ்வளவுதான். பெயரை நீக்கியதற்குக் காரணம்கூடப் போடவில்லை. அலுவலகக் கடிதங்களுக்கு என்ன கதி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாதிப் பேர் பிரித்திருப்பார்கள், பாதிப் பேர் அலமாரியில் செருகியிருப்பார்கள்.

அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது, பாட வரிசையைப் பார்க்காமல் அந்தப் பக்கத்தைப் புரட்டிய ஏதோ ஒரு சபையிலிருந்து ஒரு அட்டை வந்து கிடந்தது. அதில் பலூனைப் பிடித்த ஒரு சிறுமியின் படம். டீச்சர் அதைக் கையில் எடுக்கப் பயந்து நின்றாள்.

"வந்தா நான் கிழிச்சுப் போட்டுடறேன் அண்ணி" என்றாள் தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நீங்க இதைப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க."

டீச்சர் பேசவில்லை. அவளுக்கு அது வசதியாகவும் இருந்தது. குற்றம் செய்தவர்களுக்குப் பேசாதே என்று யாராவது சொன்னால் பெரிய நிம்மதிதான்.

ஏழு மாதம் போனது. கடைசிப் பருவத்தில் செய்முறைத் தேர்வு. முன்பின் தெரியாத ஒரு சபைக்குப் போய், அன்றைக்கு அந்த வகுப்பு எந்தப் பாடத்தில் இருக்கிறதோ அதை நடத்த வேண்டும். நோக்கம் சார் பின்னால் பிள்ளைகளுடைய குட்டி நாற்காலியில், முழங்கால் இரண்டும் மார்பில் இடிக்க உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். டீச்சருக்குச் சீட்டில் விழுந்தது ஐந்து மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு சபை. அங்கே ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் தபால் நிலைய ஊழியை. வியாழக்கிழமை டீச்சர் அவளுக்குப் போன் செய்தாள்.

"நாங்க பதினாலாம் பாடத்துலயே நிக்கிறோங்க" என்று அவள் சிரித்தாள். "மூணு வாரமாச்சு. பிள்ளைங்க அதை விட்டு நகர மாட்டேங்குது. நீங்க வந்தாவது நகத்துங்க."

நோக்கம் சாரே கூப்பிட்டு, "வேற சபை மாத்தித் தரட்டுமா?" என்று கேட்டார். அடக்கத்துக்கு வந்தவர் அவர். டீச்சர் வேண்டாம் என்றாள். அணில் பெயரை எடுத்துவிட்டு, அந்த வகுப்பிலேயே யாராவது ஒரு பிள்ளையின் வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டு அதற்காக ஜெபிப்பது என்று பாடத்திட்டம் எழுதினாள். 'நோக்கம்' என்ற பத்தியை மூன்று தடவை அடித்து எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்துக்குப் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட ஒரு அறை, நான்கு பெஞ்சு, பதினேழு பிள்ளைகள். டீச்சர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் முன் பெஞ்சிலிருந்த கண்ணாடிப் பையன் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

"டீச்சர், இந்த புக்கை எழுதினது நீங்களா? பின்னாடி உங்க போட்டோ இருக்கு."

"ஆமா, நானும் இன்னும் நாலு பேரும். இந்தப் பாடம் நான் எழுதினது."

"அப்ப நீங்கதான் அணிலோட அத்தை!" என்று கத்தினாள் பக்கத்தில் இருந்த கட்டைக் குரல் பெண். வகுப்பே எழுந்து நின்றது. "அணிலோட அத்தை! அணிலோட அத்தை!"

டீச்சர் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"அணில்தான் எழுதியிருக்காளே!"

சுவரில், படங்களுக்கு நடுவில், நாலு மூலையிலும் பசை நாடா ஒட்டி ஒரு கடிதம் இருந்தது. ஊதா மை.

'அன்புள்ள நண்பர்களுக்கு, உங்க அட்டை கிடைச்சுது. எனக்கு வால் வரைஞ்சிருந்தீங்க, பாத்துட்டு வயிறு வலிக்கச் சிரிச்சேன். நான் இப்ப நல்லாயிட்டேன். ஸ்கூலுக்குப் போறேன். முடி வளந்துடுச்சு, அம்மா ரெண்டு சடை போட்டு விடறாங்க. எனக்குப் பல்லின்னா பயம். இந்தப் பாடத்தை எழுதினது என் அத்தைதான். அவங்க வீட்டுக்கு வந்தா கண்ணாடியை ஒளிச்சு வெச்சுட்டுத் தேட விடுவேன். எனக்காக ஜெபம் பண்ணினதுக்கு நன்றி. இப்படிக்கு, அணில்.'

பிள்ளை எழுத்து மாதிரியே கோணல் மாணலாக எழுதியிருந்தது. ஆனால் 'ல' எழுத்தின் சுழி மட்டும் அச்சு அசல் மாத்திரைக் கவரில் இருக்கிற சுழி.

"நாங்க தினமும் ஜெபம் பண்ணினோம் டீச்சர்" என்றான் கண்ணாடிப் பையன். "இவன்கூடப் பண்ணினான், இவன் எதுக்குமே பண்ண மாட்டான்."

"அணில் எப்படி இருக்கா டீச்சர்?" என்றாள் கட்டைக் குரல் பெண். "ஏன் கூட்டிட்டு வரல?"

பின்னால் நோக்கம் சார் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை. நல்லா இருக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. பதினேழு முகங்களும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தன. பரலோகத்தில் என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டால் பொய் என்றுகூட ஆகாது, பெரியவர்கள் பிள்ளைகளிடம் செய்கிற வேலையே அது. அந்த வேலையைச் செய்யாதீர்கள் என்றுதான் டீச்சர் தன் ஆய்வேட்டில் ஒரு அதிகாரம் முழுக்க எழுதியிருந்தாள். தூங்குகிறாள், தூரமாகப் போயிருக்கிறாள் என்று சொல்லாதீர்கள், இறந்துவிட்டாள் என்று சொல்லுங்கள், பிள்ளைகள் தாங்குவார்கள் என்று எழுதியிருந்தாள். எழுதுவதற்கு என்ன, கை வலிக்கும், அவ்வளவுதான்.

அவள் முன் பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள்.

"அணில் இறந்துட்டா" என்றாள். "ஏழு மாசம் ஆச்சு. நீங்க அட்டை அனுப்பறதுக்கு முன்னாடியே."

கட்டைக் குரல் பெண் சுவரைப் பார்த்தாள். "அப்ப லெட்டர்?"

"அவங்க அம்மா எழுதினது."

"பொய்யா?"

டீச்சர் ஆமாம் என்று தலையாட்டினாள்.

கண்ணாடிப் பையன் விரல்களை எண்ணிப் பார்த்தான். "அப்ப நாங்க பண்ணின ஜெபம் எங்க போச்சு டீச்சர்?"

இரண்டு வருடம் படித்திருக்கிறாள். நூலகத்தில் அந்தக் கேள்விக்கு இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் உண்டு, பாதியை அவள் படித்தும் இருக்கிறாள். "எனக்குத் தெரியல கண்ணு" என்றாள். "நானும் பண்ணினேன். நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்." அதற்குமேல் பாடம் நடத்த அவளால் முடியவில்லை. தபால் நிலையப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு பாட்டைத் தொடங்கிவைத்தாள். பிள்ளைகள் பாடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் இறங்கப் போகும்போது நோக்கம் சார், "நோக்கம் நிறைவேறியதான்னு ஒரு கட்டம் இருக்கு, டீச்சர்" என்றார். "அதை நான் காலியா விட்டுட்டேன். எனக்கு என்ன போடறதுன்னு தெரியல."

டீச்சர் விடுதிக்குப் போகாமல் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். சமையலறையில் தம்பி மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் சுற்றி வளைக்காமல் அந்த ஊரின் பெயரைச் சொன்னாள். அங்கே சுவரில் ஒரு கடிதம் பார்த்ததாகச் சொன்னாள்.

தம்பி மனைவி குழாயை மூடினாள். "எல்லாருக்கும் பதில் போடறேன்னு சொல்லியிருந்தா. ஒண்ணு விடாம போடறேன்னு. உங்க முன்னாடிதானே சொன்னா?"

"சொன்னா."

"இருபத்தாறு வந்துச்சு. இருபத்தாறுக்கும் போட்டேன். இவர்தான் வேலைக்குப் போறப்ப பெட்டியில போடுவார்."

டீச்சர் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

"முதல்ல ஒண்ணே ஒண்ணுக்குப் போட்டு நிறுத்திடணும்னுதான் நெனச்சேன்" என்றாள் தம்பி மனைவி. "எழுத எழுத அவ நடமாடற மாதிரி இருந்துச்சு அண்ணி. இருபத்தாறு ஊர்ல எம்பொண்ணு ரெண்டு சடை போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டிருக்கா." சட்டென்று நிறுத்தி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். "நீங்க அங்க என்ன சொன்னீங்க?"

டீச்சர் சொன்னாள்.

தம்பி மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அப்ப இருபத்தஞ்சு" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் டீச்சரோடு பேசவில்லை. போன் செய்தால் தம்பிதான் எடுத்தான். டீச்சர் ஆய்வேட்டை முடித்து, அட்டை கட்டக் கொடுத்தாள். கிரேக்கத்தில் எப்படியோ தேறிவிட்டாள். பட்டமளிப்புக்கு அங்கி அளவு எடுக்க வந்தவர்களிடம் எந்த அளவாயிருந்தாலும் சரி என்று சொல்லி அனுப்பினாள். தான் செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சரியைச் செய்துவிட்டு இப்படி நெஞ்சடைத்துக் கிடக்க வேண்டியிருக்கும் என்று எந்தப் பாடத்திலும் யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் அவள் குறை.

ஒரு நாள் தம்பி போன் செய்தான். "அக்கா, அந்த ஊர்லேருந்து பெரிய கவர் ஒண்ணு வந்திருக்கு. அவ பிரிக்கவும் மாட்டேங்கறா, கிழிக்கவும் மாட்டேங்கறா. மேசை மேல வெச்சுட்டுப் பாத்துட்டே இருக்கா. நீ வா."

டீச்சர் போனாள். தம்பி மனைவி மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. கவரை அவள் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே பிரிங்க. திட்டியிருந்தா மனசுக்குள்ளயே படிச்சுக்கோங்க."

உள்ளே கோடு போட்ட ஒரு தாள். டீச்சருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாடநூலில் ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசியில் அவள் வைத்த பயிற்சி அது. ஒரு வாக்கியம், எதிரே இரண்டு கட்டம், சரி, தவறு. பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாங்களே ஒன்று தயாரித்திருந்தார்கள். மேலே, 'அணிலின் அம்மாவுக்கு. தயவுசெய்து டிக் போட்டு அனுப்பவும்' என்று எழுதியிருந்தது.

டீச்சர் தாளை அவள் முன்னால் வைத்தாள். தம்பி மனைவி குனிந்து படித்தாள்.

'1. அணிலுக்குப் பல்லி என்றால் பயம்.'

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து ஊதாப் பேனாவை எடுத்தாள். தவறு என்பதில் டிக் போட்டாள். "அவளுக்கு எங்க பயம்? பிடிச்சு டப்பாவில போட்டு வெப்பா. பயந்தவ நான்" என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. தம்பிக்கு லேசாகச் சிரிப்பு வந்து, அது பாதியில் வேறாகிவிட்டது. அவன் வெளியே போய் நின்றான்.

'2. அணில் அத்தையின் கண்ணாடியை ஒளித்து வைப்பாள்.' சரி.

'3. அணில் ஸ்கூலுக்குப் போகிறாள்.' தவறு.

'4. அணிலுக்கு முடி வளர்ந்துவிட்டது.' பேனா தாளின் மேல் நின்றது. டீச்சர் கையை நீட்டினாள், நான் போடட்டுமா என்பதுபோல. தம்பி மனைவி அந்தக் கையை விலக்கினாள். தானே போட்டாள். தவறு.

'5. அணில் எங்கள் அட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.'

"நான் சிரிச்சேன் அண்ணி" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் அண்ணி என்று கூப்பிட்டாள். "அந்த வாலைப் பாத்துட்டு நான் சிரிச்சுட்டேன். அவ போனதுக்கப்புறம் முதல் தடவை. அதுக்கு எங்க டிக் போடறது?"

ஐந்தைக் காலியாக விட்டுவிட்டு அவள் கடைசி வரிக்கு வந்தாள். அது மட்டும் வேறு கையெழுத்து, கடைசியில் யாரோ ஒரு பிள்ளை யோசித்துச் சேர்த்தது.

'6. அணில் என்று ஒரு பிள்ளை நிஜமாகவே இருந்தாள்.'

தம்பி மனைவியின் முகம் மாறியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. டீச்சர் எழுந்து வந்து அவள் பின்னால் நின்று முதுகில் கை வைத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். அடக்கத்தன்றுகூட ஆளுக்கொரு மூலையில்தான் அழுதிருந்தார்கள்.

அழுது முடித்தபின் தம்பி மனைவி பேனாவை நேராகப் பிடித்தாள். சரி என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அது போதாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில், பிள்ளையின் கோணல் எழுத்தில் அல்லாமல், மாத்திரைக் கவரில் எழுதுகிற தன்னுடைய சொந்த எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

'காலை பத்தே கால் மணி. இரண்டு கிலோ எண்ணூறு கிராம். நான்தான் பெற்றேன்.'